பத்துப் பல்லும் ஐம்பத்தொரு பல்லும்

தேய்ந்த செயினைக் கழற்றிப் புதுச் செயினை மட்டும் போட்டுக்கொண்டு மலையேறக் கிளம்புகிறவருக்கு என்ன நடக்கும் என்பது சைக்கிள் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. முதல் செங்குத்தான ஏற்றம் வரும். எழுந்து நின்று பெடலை அழுத்துவார். ‘தடக்’ என்று ஒரு சத்தம். கால் பிடிமானமில்லாமல் கீழே இறங்கும், முழங்கால் ஹேண்டில்பாரில் போய் இடிக்கும். இன்னொரு மிதி, இன்னொரு ‘தடக்’. கியரை மாற்றினால் நன்றாகத்தான் ஓடும். ஏதோ இரண்டு மூன்று கியர்களில் மட்டும் செயின் வழுக்கும். அந்த இரண்டு மூன்றும் அவர் தினமும் விரும்பி ஓட்டிய கியர்களாகவே இருக்கும்.

குறை புதுச் செயினில் இல்லை. பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும் பற்சக்கரங்களின் தொகுப்பான கேசட்டில், அந்த கியர்களின் பற்கள் பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்து, அதன் அளவுக்கே பழகிவிட்டன. புது ஆளை ஏற்க மறுக்கின்றன.

மலைச் சைக்கிளில் கேசட்டுக்கு இரண்டு வேலை. ஒன்று, செயினைப் பிடிப்பது. இன்னொன்று, கேட்ட நொடியில் அதை விட்டுப் பக்கத்துச் சக்கரத்திடம் கொடுப்பது. பிடித்தால் உடும்புப்பிடியாகப் பிடிக்க வேண்டும். விடு என்றால் முரண்டு பிடிக்காமல் விட வேண்டும். முதல் வேலைக்குப் பல் உயரமாக, தடிமனாக, முழுதாக இருக்க வேண்டும். இரண்டாவது வேலைக்கு அதே பல்லைச் சீவ வேண்டும், செதுக்க வேண்டும், சில இடங்களில் குட்டையாக்கவும் வேண்டும். கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் கேசட்டுக்கு நடந்த மாற்றங்களை இந்த ஒரே இழுபறியின் வரலாறாகச் சொல்லிவிடலாம்.

ஒரு பன்னிரண்டு கியர் கேசட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு சக்கரத்தில் உள்ள பற்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்காது. ஐந்தாறு பல் ஒழுங்காக வரும். அடுத்த பல்லின் தலை ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அதற்கடுத்தது கொஞ்சம் குட்டை. அந்த இடத்துக்கு நேர் கீழே, சக்கரத்தின் பக்கவாட்டில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு சாய்வுப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். சின்னச் சக்கரத்திலிருந்து பெரியதற்குச் செயின் தாவும்போது கால் வைத்து ஏறும் படி அது. முதல் தடவை பார்ப்பவர்கள் தயாரிப்புக் கோளாறு என்றே நினைப்பார்கள். கடையில் புது கேசட்டைக் காட்டி, “பல்லு உடைஞ்சிருக்கே” என்று கேட்பவர்களும் உண்டு. உடையவில்லை; இதற்காகவே காசு கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் படி இல்லாத காலமும் இருந்தது. மலைச் சைக்கிளின் பிறந்த வீடு கலிபோர்னியாவின் மரின் மாவட்டம். 1976-ல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்து மலையில் ஒரு மண் பாதையில் இளைஞர்கள் இறக்கப் போட்டி நடத்த ஆரம்பித்தார்கள். ஓட்டியது பழைய, கனமான, தடித்த டயர் சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் ஹப்புக்குள்ளேயே இருக்கும். மலை இறங்கி முடிப்பதற்குள் உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் விழுந்தது. இறங்கியவர்களுக்கு ஏறவும் ஆசை வந்தது. கேரி ஃபிஷர் போன்றவர்கள் அந்தப் பழைய சைக்கிள்களில் பல கியர் அடுக்கையும் கட்டைவிரலால் தள்ளும் லீவரையும் பொருத்தினார்கள். அதோடு அது வேறு வண்டியாகிவிட்டது.

அன்றைய சக்கரங்களில் பற்களெல்லாம் ஒரே உயரம். லீவரைத் தள்ளினால் செயின் பற்களின் தலைமேல் கரகரவென்று உரசிக்கொண்டே போய், ஏதோ ஓரிடத்தில் தற்செயலாகப் பல் சிக்கினால்தான் ஏறும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்குக் காதுதான் அளவுகோல். 1984-ல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், ஒரு ‘கிளிக்’குக்கு ஒரு கியர் என்ற முறையைச் சாலைப் பந்தய சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. பிறகு 1989 வாக்கில் வந்ததுதான் ‘ஹைப்பர்கிளைடு’. செயின் தற்செயலாக ஏற வேண்டாம், நாம் குறித்த இடத்தில் ஏறட்டும் என்று பல்லுக்குப் பல் வடிவத்தை மாற்றினார்கள். ஒரு சக்கரத்தின் படியும் அடுத்த சக்கரத்தின் பல்லும் மிகச் சரியாக நேர்கொண்டால்தான் இந்த வித்தை நடக்கும். அதனால்தான் கேசட் போய் உட்காரும் ஹப்பின் பள்ளங்களில் ஒன்றை மட்டும் மற்றவற்றிலிருந்து அகலம் மாற்றி வைத்தார்கள். எந்தச் சக்கரத்தையும் ஒரே ஒரு நிலையில்தான் மாட்ட முடியும். தப்பாக மாட்டவே முடியாது. சைக்கிள் உலகில் வந்த நல்ல யோசனைகளில் இந்தச் சின்னப் பள்ளத்துக்கு முன்வரிசையில் இடம் கொடுக்க வேண்டும்.

ஷிமானோ 1921-ல் ஜப்பானின் சகாய் நகரில் தொடங்கியபோது முதலில் தயாரித்ததும் பின்சக்கரத்துப் பற்சக்கரமான ஃப்ரீவீல்தான். சகாய் நூற்றாண்டுகளாகக் கத்திக்குப் பேர் போன ஊர். எஃகை எங்கே கடினமாக்க வேண்டும், எங்கே சீவ வேண்டும் என்பது அந்த ஊர்த் தெருக்களுக்குத் தெரிந்த கைவேலை.

2012 வரை மலைச் சைக்கிள்களில் முன்னால் பெடலோடு சுழலும் இரண்டு மூன்று பற்சக்கரங்களும் பின்னால் ஒன்பது பத்து சக்கரங்களும் இருந்தன. வேலை பங்கு போட்டுக்கொள்ளப்பட்டது. அந்த ஆண்டு ஸ்ராம் நிறுவனம் ‘எக்ஸ்எக்ஸ்1’ என்ற அமைப்பைக் கொண்டுவந்து முன்னால் ஒரே ஒரு சக்கரம் போதும் என்றது. பின்னால் 10 பல்லிலிருந்து 42 பல் வரை பதினொரு சக்கரங்கள். பழைய ஹப்பில் 11 பல்லுக்குக் கீழே போக இடமில்லாததால் ஹப்பின் உடம்பையே மாற்றினார்கள். விலை எல்லோருக்கும் எட்டவில்லை. ஆனால் 42 பல்லின் ருசி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கனடாவின் ஒன்அப், அமெரிக்காவின் உல்ஃப் டூத் போன்ற சின்ன நிறுவனங்கள் அலுமினியத்தில் 42 பல் சக்கரத்தைத் தனியாக வெட்டி விற்றன. பழைய பத்து கியர் கேசட்டில் 17 பல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மறுமுனையில் இதைச் சொருகிக்கொள்ள வேண்டியதுதான். கழற்றிய இடத்தில் கியர் மாற்றம் சற்றுத் தடுமாறும். ஏற்றத்தில் கிடைக்கும் நிம்மதிக்காக அதைப் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு 2016-ல் ஸ்ராமின் ‘ஈகிள்’ 10-50 என்று பன்னிரண்டு சக்கரங்களோடு வந்தது. மலைச் சைக்கிள் பந்தய வீரர் நினோ ஷுர்ட்டர் ரியோ ஒலிம்பிக்கில் அதில்தான் தங்கம் வென்றார். 2018-ல் ஷிமானோவின் எக்ஸ்டிஆர் 10-51 என்று பதில் சொன்னது.

முன்னால் இருந்த சக்கரங்கள் போனதும் எல்லா வேலையும் பின்னால் வந்து விழுந்தது. அது எவ்வளவு வேலை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

பெடலோடு சுழலும் முன்சக்கரத்தில் 32 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் செயினில் 32 கண்ணிகள் நகரும். பின்னால் 10 பல் சக்கரத்தில் இருந்தால், அதன் ஒவ்வொரு பல்லும் அந்த ஒரு சுற்றுக்குள் மூன்று தடவைக்கு மேல் செயினோடு மோதும். 51 பல் சக்கரத்தில் இருந்தால் மூன்று சுற்றுக்கு இரண்டு தடவைகூட இல்லை. ஐந்து மடங்கு வித்தியாசம். போதாததற்கு 10 பல் சக்கரத்தில் ஒவ்வொரு கண்ணியும் 36 டிகிரி மடங்கித்தான் உள்ளே நுழைய வேண்டும். பெரிய சக்கரத்தில் 7 டிகிரி போதும். எனவே சின்னச் சக்கரம் சீக்கிரம் தேயும் என்று முடிவுகட்டத் தோன்றும். பாதி சரி.

மறுபாதி, இழுவிசை. செயினின் இழுவிசையைத் தீர்மானிப்பது மிதிக்கும் காலும் முன்சக்கரமும்தான். பின்னால் எந்தச் சக்கரம் இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் கிராங்க் படுக்கையாக இருக்கும்போது முழு எடையையும் பெடலில் போட்டால், கிராங்கின் நீளம் 175 மில்லிமீட்டர், முன்சக்கரத்தின் ஆரம் சுமார் 65 மில்லிமீட்டர் என்ற விகிதத்தில், செயின் கிட்டத்தட்ட 190 கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல் இழுபடும். அப்படி எழுந்து நின்று மிதிப்பது எங்கே? செங்குத்து ஏற்றத்தில், பெரிய சக்கரங்களில். அந்தப் பெரிய சக்கரம் பெரும்பாலான உயர்விலைக் கேசட்டுகளில் அலுமினியம். பல் எண்ணிக்கை அதிகம் என்பதால் சுமை பங்கிடப்பட்டாலும், பொருள் மென்மையானது. சேறும் மணலும் சேர்ந்துவிட்டால் அந்த ஒற்றைச் சக்கரம் மற்றவற்றை முந்திக்கொண்டு தேய்கிறது.

அலுமினியத்தை வைக்கக் காரணம் எடை. ஷிமானோவின் 10-51 கேசட்டுகளை வரிசையாக நிறுத்தினால் விஷயம் புரியும். பெரிய சக்கரங்களில் அலுமினியம், நடுவில் டைட்டானியம், சின்னவற்றில் எஃகு என்று கலந்து செய்த எக்ஸ்டிஆர் சுமார் 367 கிராம். எக்ஸ்டி சுமார் 470. எஸ்எல்எக்ஸ் சுமார் 534. எல்லாமே எஃகான டியோர் சுமார் 593. உச்சிக்கும் அடிக்கும் 226 கிராம்தான் வித்தியாசம். விலையிலோ வித்தியாசம் பல மடங்கு. பந்தயக்காரருக்கு அந்த 226 கிராம் முக்கியம். பின்சக்கரத்தில் எடை குறைந்தால் சஸ்பென்ஷனும் துள்ளலுக்கு வேகமாக ஈடுகொடுக்கும். வார இறுதியில் காட்டுப் பாதைக்குப் போகிறவருக்கு அதே 226 கிராம் ஒரு டம்ளர் தண்ணீர். நான்கிலும் பல்லின் படிகளை வெட்டிய முறை ஒரே தலைமுறையைச் சேர்ந்தது. டியோர் கேசட் கியர் மாற்றுவதில் அண்ணன்களுக்குப் பெரிதாகப் பின்தங்குவதில்லை, உழைப்பதில் முந்துகிறது. காசு கொஞ்சமாக இருப்பவர்கள் வேறு வழியில்லாமல் வாங்குவது என்று அதை ஓரங்கட்டுவது அநியாயம். பெரும்பாலான மலைச் சைக்கிள்களுக்குச் சரியான கேசட் அதுதான்.

எக்ஸ்டிஆரோடு 2018-ல் வந்த ‘ஹைப்பர்கிளைடு பிளஸ்’ பழைய முறையில் இருந்த ஒரு பெரிய குறையைத் தீர்த்தது. முன்பு ஏறுவதற்குத்தான் படி இருந்தது. பெரிய சக்கரத்திலிருந்து சின்னதற்கு இறங்கும்போது செயின் ‘டப்’பென்று விழும். மிதித்துக்கொண்டே மாற்றினால் பல்லுக்கும் கண்ணிக்கும் அடி. புது முறையில் இறங்குவதற்கும் தனிப் பாதை வெட்டினார்கள், செயினின் உள்தகடுகளையும் அதற்குத் தக்கபடி நீட்டினார்கள். மேட்டிலிருந்து இறக்கத்துக்குத் திரும்பும் வளைவில், காலைத் தளர்த்தாமல் கியரை மாற்றும்போது அந்த வித்தியாசம் உள்ளங்காலில் தெரியும்.

ஸ்ராம் 2023-ல் ‘டிரான்ஸ்மிஷன்’ என்று பெயரிட்டுக் கொண்டுவந்த அமைப்பு வேறு பக்கம் போனது. பொத்தானை அமுக்கியதும் செயினைப் பக்கவாட்டில் தள்ளும் டிரெய்லியர் நகர்ந்தாலும், செயின் உடனே தாவாது. அதற்கென்று குறித்த வாசல் சுற்றி வரும்வரை காத்திருந்து, வந்ததும் நுழையும். வேகமான கியர் மாற்றத்துக்குப் பழகியவர்கள் முதல் நாள் “என்ன, சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது” என்று சலித்துக்கொள்வார்கள். ஆனால் முழு பலத்தோடு மிதிக்கும்போதும் பல்லின் தலையில் செயின் உரசுவதில்லை. மெதுவாக மாறுவதே ஒரு பாதுகாப்பு. வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆயுளை வாங்கிய பேரம் இது.

இந்தப் பேரத்தை நிறுவனங்கள் மேல் திணித்தது மின்சைக்கிளின் மோட்டார். மனிதக் காலோடு 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும்போது, காலுக்கென்று செதுக்கிய மெல்லிய பற்கள் என்ன செய்யும்? கியர் மாற்றும் நொடியில் மனிதன் காலைத் தளர்த்துவான். மோட்டார் ஒரு கணம் தாமதித்துத்தான் தளரும். அந்த ஒரு கணத்தில் முழு அடியும் குட்டையாக்கப்பட்ட இரண்டு பல்லில் விழும். ஸ்ராம் 2016-லேயே இதைப் புரிந்துகொண்டு ‘இஎக்ஸ்1’ என்று எட்டே சக்கரம் கொண்ட 11-48 கேசட் செய்தது. ஒரு கிளிக்குக்கு ஒரு கியருக்கு மேல் மாறாது. எல்லோரும் கியரைக் கூட்டிக்கொண்டு போன காலத்தில் குறைத்துக் காட்டிய துணிச்சலுக்காகவே அதை நினைவில் வைக்க வேண்டும்.

2021-ல் ஷிமானோ ‘லிங்க்கிளைடு’ கொண்டுவந்தது. பல்லின் அடி அகலம் கூடியது, சக்கரம் தடிமனானது, எடையும் ஏறியது. ஹைப்பர்கிளைடைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்பது ஷிமானோவே சொல்லும் கணக்கு. இருபது முப்பது ஆண்டுகளாக மெலிந்துகொண்டே வந்த பல் திரும்பிச் சதை போட்டது. எட்டு கியர் செயினின் வெளி அகலம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். பன்னிரண்டு கியர் செயினில் அது 5-ஐக் கொஞ்சம் தாண்டும். ஒவ்வொரு கியரைச் சேர்க்கும்போதும் எங்கிருந்தோ உலோகத்தைச் சுரண்டத்தான் வேண்டியிருந்தது. அதை நிறுத்திப் பின்னோக்கி ஓர் அடி வைத்ததை இந்தத் துறையின் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் பிறகு, ஒரு கேசட் எத்தனை நாள் வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கேசட் அல்ல. அதைவிடப் பல மடங்கு விலை குறைந்த செயின்.

‘செயின் நீண்டுவிட்டது’ என்று சொல்வோம். தகடு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஆணிகளும் அவை உரசும் உட்புறமும் தேய்ந்து, இடைவெளி விழுகிறது. புதுச் செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் 12.7 மில்லிமீட்டர். அரை சதவீதம் தேய்ந்தால் ஒரு கண்ணிக்கு 0.06 மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பத்துக் கண்ணிகளில் அது அரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். பல்லின் பள்ளத்தில் உட்கார வேண்டிய உருளை, பல்லின் மேல்சரிவில் ஏறி உட்காரும். அங்கே உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பல்லைச் சுறாத் துடுப்புபோல ஒரு பக்கம் கூராக்கும். செயின் அளவி என்று ஒரு சின்னத் தகடு இருக்கிறது. கண்ணிகளுக்கிடையே வைத்தால், தேய்ந்த செயினில் அதன் முனை ‘டக்’கென்று உள்ளே இறங்கும். பதினொன்று, பன்னிரண்டு கியர் செயின்களை 0.5 சதவீதத்திலேயே மாற்றிவிட வேண்டும். எட்டு, ஒன்பது கியர் என்றால் 0.75 வரை தாங்கும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் ஒரே கேசட் இரண்டு மூன்று செயின்களைப் பார்த்துவிடும். செயினைத் தேயவிட்டு ஓட்டினால் இரண்டையும் சேர்த்தே கழற்ற வேண்டியதுதான்.

இங்கிலாந்தின் குளிர்காலச் சேற்றில் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் இன்னும் கறாராகச் சொல்வார்கள். பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கத்து மணற்பாறைத் துகள் செயின் எண்ணெயோடு கலந்தால், மோட்டார் மெக்கானிக்குகள் வால்வைத் தேய்க்கப் பயன்படுத்தும் பசைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. உப்புத்தாளைச் செயினுக்குள் சுற்றிவைத்து ஓட்டுவதற்குச் சமம். ஓட்டிவிட்டு வந்ததும் துடைத்து, காயவைத்து, உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே மினுக்கும் மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வெளியே இருக்கும் எண்ணெய் வேலை செய்வதில்லை. மண்ணைத்தான் பிடித்து வைக்கிறது.

கியர் சரியாக மாறவில்லை என்றதும் கேசட்டைக் குற்றம் சொல்வதும் பல நேரம் தவறு. டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் ஒரு பாறையில் உரசிக் கொஞ்சம் வளைந்திருந்தாலே போதும். அடுக்கின் ஒரு முனையில் ஒழுங்காக மாறும் கியர் மறுமுனையில் உளறும். மேல் உருளைக்கும் பெரிய சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி மாறினாலும் இதே கதைதான்; பன்னிரண்டு கியரில் அந்த இடைவெளியை அளக்கவே ஸ்ராம் ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் தருகிறது. கேபிள் துருப்பிடித்திருக்கலாம். இவற்றைப் பார்த்த பிறகுதான் கேசட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகம் உறுதியாகிவிட்டால் இன்னொரு கேள்வி வருகிறது. பன்னிரண்டில் மூன்று தேய்ந்தால் மூன்றை மட்டும் மாற்ற முடியுமா? ஷிமானோவின் அடுக்கில் சின்னச் சக்கரங்கள் சில தனியாகக் கழலும். மற்றவை ரிவெட் அடித்த கூட்டம். ஸ்ராமின் உயர்விலைக் கேசட்டுகளில் எஃகுப் பகுதி ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்த கூடு. அழகில் அதற்கு இணையில்லை, பிரிக்கவும் வழியில்லை. ஈ-தர்ட்டீன் என்ற நிறுவனம் எஃகுப் பாதியையும் அலுமினியப் பாதியையும் தனித்தனியாக விற்றது. தேய்ந்த பாதியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்களும் அந்த வழியில் வந்திருக்க வேண்டும். செதுக்குவதில் இத்தனை நுட்பம் காட்டுகிறவர்களுக்குப் பிரித்து விற்பது முடியாத காரியமல்ல.

பட்டறையில் கேசட்டைக் கழற்றும்போது செயின் விப் என்ற கருவியால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, பூட்டு வளையத்தைத் திருகினால் ‘க்ர்ர்ர்’ என்று பல் பல்லாக விட்டுக்கொடுக்கும். மேசையில் வைத்துத் துணியால் துடைத்தால் கணக்கு தெளிவாகத் தெரியும். ஏற்றத்தில் நின்று மிதித்த பெரிய சக்கரத்தில் பூச்சு போய் வெள்ளை அலுமினியம் பளிச்சிடும். நடுவில் தினமும் ஓடிய இரண்டில் பற்கள் கூராகி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மிச்ச ஒன்பதிலும் தொழிற்சாலையில் வெட்டிய படிகளின் விளிம்பு இன்னும் மழுங்கவில்லை. விரலை வைத்தால் உறுத்தும். ஒன்பதும் மூன்றும் சேர்ந்தே பழைய இரும்புக் கூடைக்குப் போகின்றன.